தசைக்குள் ஒரு சாட்சி

நாலு மாடி விறுவிறுவென்று ஏறினால் தொடை கடுக்கும். அப்போது தசைக்குள் அமிலம் கூடுகிறது என்று படித்திருப்பீர்கள். உயிரோடு இயங்கும் தசைக்குள் இருக்கும் அமிலத்தை, ஊசி குத்தாமல், சதையைக் கிள்ளி எடுக்காமல் எப்படி அளப்பது? அதற்கு ஒரு சாட்சி உள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் பாஸ்பேட்.

எலும்பில் இருக்கும் அதே பாஸ்பேட், செல்லுக்குள் நீரில் கரைந்தும் இருக்கிறது. அங்கே அதற்கு இரண்டு வேஷம். அமிலம் கூடினால் இரண்டு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். குறைந்தால் ஒன்றை விட்டுவிடும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நமக்குத் தெரியும். நம் உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் தரும் சிக்னலை அது படமாக்குகிறது. ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றுவதுபோல அலைவரிசையை மாற்றினால், பாஸ்பரஸின் சிக்னலையும் பிடிக்கலாம். இதற்குக் 'காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல்' என்று பெயர். இதில் படம் வராது. மலைச் சிகரங்கள் போன்ற ஒரு வரைகோடு வரும்.

பாஸ்பேட்டுக்கு வேஷம் இரண்டு என்றால் சிகரமும் இரண்டு வரவேண்டுமே? வராது. சுழலும் மின்விசிறியில் இறக்கைகள் தனித்தனியாகவா தெரிகின்றன? பாஸ்பேட்டும் அத்தனை வேகமாக வேஷம் மாற்றுவதால் ஒரே சிகரம்தான் வரும். ஆனால் எந்த வேஷம் அதிகமோ, அந்தப் பக்கம் சிகரம் நகர்ந்து நிற்கும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் அமிலத்தின் அளவு தெரிந்துவிடும்.

இதில் ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. பி.ஹெச். அளவு 6.8 அருகே இருக்கும்போது இரண்டு வேஷமும் சரிபாதி. ஓய்விலிருக்கும் தசையின் அளவு சுமார் 7. சமமாக நிற்கும் தராசில் சிறு எடை வைத்தாலும் தட்டு அசைவது தெரியுமல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

1973-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் மூன், ரிச்சர்ட்ஸ் இருவரும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்காமலே, பாஸ்பரஸ் சிக்னல் மூலம் உள்ளே இருக்கும் பி.ஹெச். அளவைக் கண்டார்கள். 1981-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜார்ஜ் ராடா குழுவினர் ஒரு நோயாளியின் முன்கையைக் காந்தத்துக்குள் வைத்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். அவருக்கு மெக்கார்டில் நோய் இருக்கலாம் என்று சந்தேகம். இந்த நோய் உள்ளவர்களின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு இருக்கும். அதை உடைத்து எடுக்கும் என்சைம் வேலை செய்யாது. மற்றவர்களுக்குப் பயிற்சியின்போது அமிலப் பக்கம் நகரும் சிகரம், அவருக்கு நகரவில்லை. சேமிப்பு உடைந்தால்தானே அமிலம் வரும்!

இது ஏன் முக்கியம்? இந்த நோயாளிகளைப் பார்த்தால் திடகாத்திரமாகத்தான் இருப்பார்கள். கொஞ்சம் ஓடினாலே தசை வலித்து இறுகும். "சோம்பேறி", "நடிக்கிறான்" என்று பேச்சு வாங்குவார்கள். அந்த வலி நிஜம் என்று பாஸ்பேட் சாட்சி சொன்னது.

இன்று இந்த நோயை மரபணுப் பரிசோதனையிலேயே உறுதி செய்துவிடலாம். மிக அரிய நோய்தான், பயம் வேண்டாம். ஆனால் விளையாடும்போதெல்லாம் கால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அதட்டாமல் கேளுங்கள். கடும் உழைப்புக்குப் பின் சிறுநீர் கறுத்த காப்பி நிறத்தில் போனால், யாராக இருந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.