பலாக்கொட்டையும் தகரத் துண்டும்



போன பலாக் காலத்தில், கட்டுகஸ்தோட்டைக்கு அருகே எங்கள் பெண்கள் குழுவினர் சேர்ந்து சிறிய நாற்றுமேடை ஒன்று போட்டோம். வீடு வீடாகச் சேர்த்த பலாக்கொட்டைகளை 60 பைகளில் ஊன்றினோம். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் 40 பைகளில் மண் கிளறிக் கிடந்தது. கொட்டைகளை எலி கொண்டுபோய்விட்டது.

"தின்னட்டும் தங்கச்சி. வாடகை வளவில் மரம் வைத்து நாங்கள் என்ன காணப் போகிறோம்?" என்றார் முல்லைத்தீவிலிருந்து வந்து இங்கே மகளோடு இருக்கும் அக்கா ஒருவர். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

மறுபடியும் கொட்டை சேர்த்தோம். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலையால் மூடினோம். அதன் ஓட்டை ஓர் அங்குலம். எலிக்கு அது திறந்த வாசல்தான். மருந்து வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சிறுபிள்ளைகள் விளையாடும் இடத்தில் நஞ்சு வேண்டாம் என்று மறுத்துவிட்டோம்.

அடுத்த கிழமை அந்த அக்காவே ஒரு தகரத் துண்டோடு வந்தார். "எங்கள் ஊரில் தென்னைக்கு எலி ஏறாமல் தகரம் சுற்றுவோமே, மறந்துவிட்டேன்" என்றார். அவர் சொன்னபடி மூன்றரை அடி உயரத்தில் ஒரு பரண் கட்டினோம். நான்கு கால்களிலும் ஒன்றரை அடி அகலத் தகரத்தை வழவழப்பாகச் சுற்றினோம். எலி பாய்ந்து ஏறாதபடி சுவரிலிருந்தும் கிளைகளிலிருந்தும் ஐந்தடி தள்ளி வைத்தோம். அணிலுக்கும் குரங்குக்குமாக, அரை அங்குலத்துக்கும் சிறிய கண்ணுள்ள வலையை மேலே கூடு போல அடித்தோம். அதன்பின் ஒரு கொட்டையும் போகவில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம். நன்றாக முற்றிப் பழுத்த பழத்தின் பெரிய கொட்டைகளைத் தெரிவு செய்யுங்கள். வழவழப்புப் போகக் கழுவுங்கள், வெயிலில் காயவிடாதீர்கள். நெல், பயறு போல இதை உலர்த்தி வைக்க முடியாது. காய்ந்தால் முளைக்கும் சக்தி போய்விடும். எடுத்த சில நாட்களுக்குள் ஓர் அங்குல ஆழத்தில் படுக்கையாக ஊன்றுங்கள். ஆணிவேர் விரைவாக இறங்குவதால் பை ஓரடி ஆழமாவது இருக்கட்டும். சாதாரணமாக 3 முதல் 8 வாரங்களுக்குள் முளைக்கும்.

முளைத்துவிட்டது என்று வலையை உடனே எடுத்துவிடாதீர்கள். பலாக்கொட்டை முளைத்த பின்பும் மண்ணுக்குள்ளேயே இருந்து கன்றுக்கு உணவு கொடுக்கிறது. அந்த வாசத்துக்கு எலி வந்து கன்றையே சாய்த்துவிடும். நிலத்தில் நட்ட பின்பும் கன்றைச் சுற்றி, அரையடி மண்ணுக்குள் இறங்கும்படி வலை அடியுங்கள். முள்ளம்பன்றி உள்ள இடங்களில் அது அடிமரத்தைக் கடித்துவிடும். அங்கே வலையைச் சில வருடங்கள் வைத்திருங்கள்.

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் என்பவர் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறை வைக்கப்பட்டவர். பின்னாளில் நாடெங்கும் பத்து இலட்சம் பலா மரங்களை நாட்டும் எண்ணத்தோடு உழைத்தார். சிங்கள மக்கள் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா என்று அழைத்தார்கள். அந்த மரங்களில் பெரும்பாலானவை அவருடைய வளவில் நிற்கவில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அரிசி வாங்க வழியில்லாமல் பலாக்காய் அவித்து உண்ட வீடுகள் எத்தனை! அந்த மரங்களை வைத்தவர்களை நாம் அறிவோமா?

"நான் வைத்ததை நாளை வீட்டுக்காரர் வெட்டினால்?" என்று அக்கா கேட்டார். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் பலா மரத்தை வெட்ட முடியாது என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு வீட்டுக்காரரிடம் கேட்டு, வேலியோரம் ஒரு கன்றை நட்டார். இன்னொன்றைப் பையோடு தனியே எடுத்து வைத்தார். "இது ஊருக்கு. என் வளவில் நின்ற பலா இப்போது இல்லை" என்றார். கொட்டையிலிருந்து வரும் மரம் காய்க்க ஏழெட்டு வருடங்கள் ஆகலாம் என்பது அவருக்குத் தெரியும்.

சகோதரிகளே, அடுத்த முறை பலாப்பழம் வெட்டும்போது இரண்டு கொட்டைகளை ஒதுக்கி வையுங்கள். ஒன்று இருக்கும் இடத்துக்கு. மற்றது போக நினைக்கும் இடத்துக்கு.

அடுத்த இதழில் சந்திப்போம்.