நாலு பெக் பூட்டினால் பி.எம்.எக்ஸ் ஆகாது

"தம்பியவை, இதில ஆர் உங்களைப் பாயச் சொன்னது?"

சைக்கிள் கடை முதலாளி எங்களிட்டக் கேட்ட கேள்வி. நாங்கள் மூன்று பேர் அவரின்ர மேசைக்கு முன்னால நிற்கிறம். ஒருத்தனுக்கு நாடியில நாலு தையல். பக்கத்தில, வாங்கி ஐந்து கிழமைகூட ஆகாத சைக்கிள், ஹாண்டில் முன்பக்கமாகக் கவிழ்ந்த கோலத்தில் நிற்குது. பிரேமில் ஒரு முழ நீளத்துக்கு ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் ஒருவன் சைக்கிளோட ஆகாயத்தில் பறக்கிறான்.

உவன்தான் ஐயா பாயச் சொன்னவன் என்று அப்பவே சொல்லியிருக்கலாம். வாய் வரேல்லை. வீட்டுக்கு வந்து, பெட்டியோட தந்த கையேட்டை விரிச்சுப் பார்த்தால், எறும்பு எழுத்தில் ஒரு வரி இருக்கு: பாய்வதற்கும் சாகசத்துக்கும் உகந்ததல்ல. பிரேமில் படம், கையேட்டில் மறுப்பு. அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கட சிநேகிதனின்ர நாடி.

நாங்கள் பாய்ஞ்சது மலையில் இருந்தில்லை. மூன்று படி. முன்சில்லு நிலத்தில பட்டதும் ஹாண்டில் பார் அப்படியே முன்னுக்குச் சுழன்றுது, ஆள் அதன்ர மேலால போனான். பிறகு கழற்றிப் பார்த்தம். பாரைப் பிடிச்சுக்கொண்டிருந்தது ஒரேயொரு போல்ட். அந்த ஸ்டெம் ஃபோர்க் குழாய்க்குள்ள செருகி நின்றதும் இன்னொரு ஒற்றைப் போல்ட்டில். சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வர அது காணும். மூன்று படிக்குக் காணாது.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் சொல்லுற பதில் ஒன்றுதான்: "முதல் சைக்கிள்தானே, பழகத்தானே, மலிவா ஒன்றை வாங்கி ஓடுங்கோ, பிறகு நல்லதா எடுக்கலாம்." சித்தப்பா சொல்லுறார், கடைக்காரர் சொல்லுறார், எங்கட வகுப்புப் பெடியளும் சொல்லுறாங்கள். எங்கட வாதம் இந்த ஒரு வசனத்துக்கு எதிராகத்தான். இது தலைகீழான புத்தி. பத்து வருசம் ஓடின ஒருத்தன் படியில் இருந்து இறங்கினால் முழங்காலை மடக்கி, இரண்டு சில்லையும் பூ மாதிரி வைப்பான். பழகுற ஆள் கல்லு விழுந்த மாதிரித்தான் விழுவான். பக்கவாட்டில விழுவான், ஒற்றைப் பெடலில் முழுப் பாரத்தையும் போடுவான், சைக்கிளைக் கைவிட்டு எறிவான். ஒரு சைக்கிள் வாங்கக்கூடிய அடி முழுக்க முதல் வருசத்திலதான் வாங்கும். அந்த வருசத்துக்குத்தான் எங்களுக்கு உடையிற சைக்கிளைச் சிபாரிசு செய்யினம்!

பி.எம்.எக்ஸின் பிறப்பே உடைவில்தான். 1970களின் தொடக்கத்தில தெற்குக் கலிபோர்னியாவில் சிறுவர்கள் மோட்டோகுரொஸ் பந்தயக்காரரைப் பார்த்து, ஷ்வின் ஸ்டிங்ரே மாதிரியான சின்னச் சைக்கிள்களை மண்மேட்டில் ஓட்டத் தொடங்கினாங்கள். ஃபோர்க் வளைஞ்சுது, சில்லு நெளிஞ்சுது. உடைய உடையத்தான் ரெட்லைன், மொங்கூஸ் போன்ற கம்பனிகள் உடையாத பாகங்களைச் செய்து தொழிலுக்குள்ள வந்தவை. எங்கட கடைகளில் 'பி.எம்.எக்ஸ்' என்று விற்கிற கனக்கச் சைக்கிள்களில் அந்த வரலாறு இல்லை, அதன்ர தோற்றம் மட்டும் இருக்கு. 20 அங்குலச் சில்லு, உயர்ந்த ஹாண்டில், நாலு பக்கமும் பெக். பெக் எதுக்கென்று கேட்டால் "சிநேகிதரை ஏத்தலாம்". சரி, டபிள்ஸ் போறது எங்கட தேசிய விளையாட்டு, அதில பிழையில்லை. ஆனால் பெக் என்பது மதில் விளிம்பில் சறுக்குறதுக்கான உருளை. அது பூட்டியிருக்கிற அச்சு முழு உடம்பின்ர பாரத்தையும் ஒரு பக்கத்தில் தாங்க வேணும்.

அச்சில் இருந்தே தொடங்குவம், ஏனென்றால் ஆரும் உங்களை ஏமாத்தேலாத ஒரு சோதினை இதில இருக்கு. கடைக்குப் போகேக்க 17ஆம் நம்பர் சாவி ஒன்றைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போங்கோ. பின்சில்லு நட்டில் வைச்சுப் பாருங்கோ. பொருந்தினால் அச்சு 14 மில்லிமீற்றர். தெருவில சறுக்குறதுக்குரிய தடிப்பு. 15ஆம் நம்பர்தான் பொருந்துது என்றால் அது மெல்லிய அச்சு. பெக் பூட்டி நாலு தரம் சறுக்கினால் வளையும். முன்சில்லில் 15 இருக்கலாம், நல்ல சைக்கிளிலும் அப்படித்தான். பின்னுக்குத்தான் விடக்கூடாது. கடைக்கார அண்ணை "என்ன தம்பி, கழட்டவே வந்தனி?" என்று கேட்பார். கேட்கட்டும்.

அடுத்தது கிராங். பெடல் இரண்டையும் இணைக்கிற இரும்பைக் குனிஞ்சு பாருங்கோ. ஒரே கம்பியை வளைச்சு, பிரேமுக்குள்ளால நுழைச்சு மற்றப் பக்கம் எடுத்த மாதிரி இருந்தால் அது ஒற்றைத் துண்டுக் கிராங். பாய்ச்சலில் முறுகும். முறுகினால் நிமிர்த்துறது வீண். அதுக்குரிய பெடலின் புரியும் வேற அளவு. பிறகு நல்ல பெடல் வாங்கினாலும் பூட்டேலாது. இரண்டு கையும் நடு அச்சும் தனித்தனியா வந்து பூட்டுற மூன்று துண்டுக் கிராங்தான் வேணும். அந்த நடு அச்சு சுழலுற இடத்தில் மூடின பேரிங் இருந்தால் இன்னும் நல்லம். தனித்தனிப் போல்ஸ் போட்டது யாழ்ப்பாணத்து மணலையும் உப்புக் காத்தையும் குடிச்சு இரண்டு மாதத்தில கரகரக்கும்.

ஸ்டெம்மைப் பற்றித் தையல் போட்டவனிட்டக் கேளுங்கோ. நாலு போல்ட்டில் பாரைக் கவ்விப் பிடிக்கிறது, ஃபோர்க் குழாய்க்கு வெளியால இறுக்குறது. அதுக்குக் குறைஞ்சது வேண்டாம்.

இரும்பு விசயத்தில்தான் பெரிய பொய்கள் நடக்குது. குரோமோலி என்பது குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்கு. 4130 என்ற இலக்கத்தோட ஸ்டிக்கர் இருக்கும். சாதாரண உருக்கை விடப் பலம் கூட, அதால குழாயை மெல்லிசாச் செய்யலாம், சைக்கிள் பாரம் குறையும். காந்தம் வைச்சுப் பார்க்கச் சொல்லி ஒரு அண்ணை எங்களுக்கு அறிவுரை தந்தவர். காந்தம் இரண்டிலும்தான் ஒட்டும், அண்ணை. அடுத்தது, 'குரோமோலி' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தக் குழாய் குரோமோலி என்று கேட்க வேணும். கீழ்க்குழாய் மட்டும் குரோமோலியாகவும் மிச்சம் எல்லாம் சாதாரண உருக்காகவும் இருக்கலாம். அது மோசடியில்லை, தொடக்கக்காரருக்கு அதுவும் காணும். எங்களுக்கு ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம் என்றால் ஃபோர்க்கைக் குரோமோலியாக எடுப்பம். பிரேம் வளைஞ்சால் சைக்கிள்தான் பழுது. ஃபோர்க் முறிஞ்சால் முகம்தான் முதல் நிலத்தில படும்.

இவ்வளவும் சொன்னதால எங்களை மற்றக் கட்சியில சேர்க்க வேண்டாம். மற்றக் கட்சி ஃபோனுக்குள்ள இருக்கு. அவைக்கு முழுக் குரோமோலி இல்லாட்டிச் சைக்கிள் இல்லை, பிறேக் பூட்டினால் மரியாதையில்லை, டைட்டானியம் போல்ட் இல்லாட்டி வாழ்க்கையில்லை. ஒரு படி ஏறத் தெரியாத எங்களுக்கு எத்தினை கிராம் குறையுது என்ற கணக்கு எதுக்கு? முக்கியமா அந்தப் பிறேக் கதை. காணொளிகளில் பிறேக் இல்லாமல் ஓடுறவை, சப்பாத்தாலும் வேகக் கணக்காலும் நிற்கப் பழகினவை. நாங்கள் திருநெல்வேலிச் சந்தியைத் தாண்டித்தான் ஓடுற இடத்துக்கே போக வேணும். அங்க பஸ் வரும், ஓட்டோ வரும், மாடு வரும். பின் பிறேக் இருக்கட்டும். ஹாண்டிலை முழுச் சுற்றுச் சுற்ற வேணுமென்றால் கேபிளைக் கொஞ்சம் நீளமா விட்டால் ஒன்றிரண்டு சுற்றுத் தாங்கும். பிறகு வேண்டாமென்றால் கழற்றலாம்.

அளவு பற்றி ஆரும் கதைக்கிறதில்லை. சில்லு எல்லாருக்கும் 20 அங்குலம்தான். ஆளுக்கு ஆள் மாறுறது மேல்குழாயின் நீளம். ஐந்தடியை ஒட்டின உயரமென்றால் 20 அல்லது 20.25 அங்குலம். ஐந்தடி ஐந்து, ஆறு அங்குலக்காரருக்கு 20.5. ஐந்தடி எட்டுக்கு மேல 20.75, 21. எங்கட மூன்று பேருக்கும் இடையில் ஏழு அங்குல வித்தியாசம், வாங்கினது ஒரு சைக்கிள். நெட்டையனின்ர முழங்கால் பாரில் இடிச்சதுக்கு நாங்கள் கடைக்காரரைக் குற்றம் சொல்லேலாது.

தெருவா பார்க்கா என்ற கேள்விக்கு முதல் சைக்கிளில் பெரிய வித்தியாசம் இல்லை. தெருவுக்கென்றால் சறுக்குற பக்கம் மட்டும் இரண்டு பெக், பிளாஸ்ரிக் உறை போட்டதென்றால் சத்தமும் குறைவு, மதிலும் தப்பும். பார்க்கின் வளைஞ்ச சுவர்களில் ஓட பெக் தேவையேயில்லை, ரயரைக் கொஞ்சம் இறுக்கிக் காத்தடிச்சால் வேகம் நிற்கும். ரயர் 2.3, 2.4 அங்குல அகலம், ரிம் இரட்டைச் சுவர், கம்பி 36. முன்பல் 25, பின்பல் 9 என்று இருந்தால் சின்னப் பல் என்பதால மதில் விளிம்பில இடிக்காது. பெடல் பிளாஸ்ரிக் காணும். இரும்புப் பெடல் கணுக்காலைக் கீறினால் தெரியும் ஏன் சொல்லுறம் என்று.

இனி எங்களுக்கு உண்மையில் எரியிற இடத்துக்கு வாறம். "உது சின்னப்பிள்ளையளின்ர சைக்கிள்." கம்பஸ் படிக்கிற வயசில 20 அங்குலச் சில்லில ஏறினால் றோட்டே சிரிக்குது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.எம்.எக்ஸ் ஃபிரீஸ்டைல் முதல்தடவையா வந்தது. பிரித்தானியாவின் சார்லொட் வொர்திங்டன், சமையல் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண், முதல் ஓட்டத்தில் விழுந்தா. இரண்டாவதில் அதே பாய்ச்சலை, பின்குட்டிக்கரணத்தோட முழுச் சுற்றையும் சேர்த்துப் பாய்ஞ்சு தங்கம் எடுத்தா. 2024 பாரிசில் ஆண்களுக்கான தங்கம் ஆர்ஜென்ரீனாவின் ஹொசே ரொரெஸ் கில்லுக்கு. எல்லாம் இந்தச் 'சின்னப்பிள்ளைச் சைக்கிளில்'தான். சின்னப்பிள்ளைச் சாமான் என்று நினைக்கிறதால்தான் சின்னப்பிள்ளை பாரத்துக்குச் செய்த சைக்கிளை எங்களுக்கும் விற்கினம். கடைக்காரரின்ர கேள்வியும் றோட்டின்ர சிரிப்பும் ஒரே கருத்துத்தான்.

நாங்களும் சுத்தமில்லை. எங்கட குழுவில் ஒரு பிள்ளை தானும் ஏறிப் பார்க்கிறன் என்று கேட்டபோது எங்களில் இரண்டு பேர் சிரிச்சம். இப்ப எங்களில் ஆகக் கூட நேரம் பின்சில்லில் மட்டும் நின்று ஓடுறது அவாதான்.

"பொருளாதாரம் இருக்கிற இருப்பில உது தேவையே?" இந்தக் கேள்வியை மரியாதையாக எடுக்கிறம், ஏனென்றால் எங்கட அம்மாவை கேட்கிற கேள்வி. இந்த ஊரில சைக்கிள் எண்டால் உழைப்பு. 90களில் பெற்றோல் தடையாயிருந்த காலம் விறகும் நோயாளியும் சைக்கிளிலதான் போச்சு. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட கதையை எங்கட வீடுகளில் கேட்காதவை இல்லை. 2022இல் பெற்றோல் வரிசை வந்தபோது திரும்பவும் சைக்கிளைத்தான் தூசி தட்டினம். ஆபத்துக்கு மட்டும் தேடுற சாமானாக அது இருந்திட்டுது. ஒரு தலைமுறை அதில விளையாடிப் பார்க்கட்டுமே என்று கேட்டால் ஏன் அது ஆடம்பரமாகுது?

காசுக்கு வழி புதுசில் இல்லை, பழசில். ஸ்டிக்கர் ஒட்டின புதுச் சைக்கிளின் விலைக்குக் கிட்டக் கிட்டப் பாவிச்ச நல்ல பி.எம்.எக்ஸ் கிடைக்கும், பொறுமையாத் தேடினால். ஜப்பானில் இருந்து வாற பழைய சைக்கிள்களுக்குள்ளும் எப்பவாவது ஒன்று நிற்கும். வண்ணம் பார்க்க வேண்டாம், கீறல் பார்க்க வேண்டாம். ஹாண்டிலுக்குக் கீழ, மேல்குழாயும் கீழ்க்குழாயும் வந்து சேருற ஒட்டில விரலை வைச்சுத் தடவுங்கோ. பெயின்ற் மயிரிழை மாதிரி வெடிச்சிருந்தாலோ குழாய் புடைச்சிருந்தாலோ விட்டிட்டு வாங்கோ, ஆள் எவ்வளவு விலை குறைச்சாலும். ஃபோர்க்கை ஒட்டி வெல்டிங் பண்ணியிருந்தால் கும்பிட்டிட்டு வாங்கோ. எங்கட இரண்டாவது சைக்கிளை அப்படித்தான் எடுத்தம். நிறம் போய், சீற் கிழிஞ்சு, பார்க்க அசிங்கம். 17 சாவி பொருந்தினது. மூன்று படியை அது எத்தினை தரம் இறங்கியிருக்கும் என்று எண்ணுறதை விட்டிட்டம்.

முதல் சைக்கிளுக்கு என்ன நடந்தது என்று கேட்பியள். புது ஸ்டெம் போட்டு, பெக் நாலையும் கழற்றி, கன்டீன் அண்ணையிட்டக் கொடுத்தம். அவரின்ர மகன் ஆறாம் வகுப்பு, பள்ளிக்கூடத்துக்கு அதிலதான் போறார். அந்த வேலைக்கு அது நல்ல சைக்கிள். ஸ்டிக்கரை மட்டும் நாங்கள் சுரண்டி எடுத்துப்போட்டுத்தான் கொடுத்தனாங்கள்.