இன்ஷியூரன்ஸ் பரிசோதகர் பரீட்சை

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலைக் கற்பிப்பதற்கென்று சர்க்கார் ஒரு கலாசாலை நடத்தி வருகின்றனர். களிமண்ணின் குணம், மெருகின் சேர்மானம், சூளையின் உஷ்ணம் ஆகியவற்றை முறையாகப் பயின்று தேறிய வாலிபருக்கு அங்கே டிப்ளமோ வழங்கப்படுகிறது. மண்ணைச் சுடுவதற்கும் படிப்பு வேண்டும், பரீட்சை வேண்டும் என்று ஒப்புக்கொண்ட ராஜாங்கத்தை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அதே ஊரில் பட்டறை வைத்திருப்பவர் தமது கட்டிடத்தையும் சரக்கையும் நம்பி ஒப்படைத்திருக்கும் இன்ஷியூரன்ஸ் கம்பெனியைப் பரிசோதிப்பவர் யார், அவர் எங்கே படித்தார், எந்தப் பரீட்சையில் தேறினார் என்று கேட்டால், திருப்திகரமான பதில் கிடைப்பது துர்லபமாக இருக்கிறது.

இது வீண் கேள்வியன்று. வழக்கமான தீ இன்ஷியூரன்ஸ் பாலிசியில் ஒரு விதிவிலக்கு உண்டு. சூடேற்றுவதற்கோ உலர்த்துவதற்கோ உட்படுத்தப்பட்ட பொருள் அந்தக் காரியத்தினாலேயே கெட்டுப்போனால் அதற்கு நஷ்டஈடு கிடையாது என்பது அதன் சாரம். மளிகைக் கடைக்காரருக்கு இந்த வாசகத்தால் பெரிய பாதகம் இல்லை. விருத்தாசலத்துப் பட்டறைக்காரருக்கோ உலர்த்துவதும் சுடுவதுமே ஜீவனம். சூளைக்குள் வைத்த பொம்மைகள் வெடித்துப் போனால், "தீயினால் வந்த நஷ்டந்தானே?" என்று அவர் பாலிசியை எடுத்துக்கொண்டு போவார். இல்லை என்ற பதில் வரும். அப்போதுதான் அவர் தமக்குப் புரியாத இங்கிலீஷ் பத்திரத்தை முதன்முறையாக ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுவார்.

இன்னொரு ஷரத்தையும் பாருங்கள். பத்து லட்சம் பெறுமான சரக்கை, பிரிமியம் குறையட்டும் என்று ஐந்து லட்சத்துக்கு மட்டும் ஒருவர் இன்ஷியூர் செய்கிறார். இரண்டு லட்சம் சரக்கு எரிந்துபோகிறது. ஐந்து லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறதே, இரண்டு லட்சமும் வந்துவிடும் என்று அவர் நினைக்கிறார். கிடைப்பது ஒரு லட்சம். பாதி மதிப்புக்கே இன்ஷியூர் செய்தவர் மற்றப் பாதிக்குத் தாமே பொறுப்பாளி என்பது கணக்கு. சிறு தொழில்களுக்காக 2021ஆம் வருஷத்தில் வந்த புதிய பாலிசிகளில், குறைவு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்படாவிட்டால் அதைப் பொருட்படுத்துவதில்லை. பாதிக்குப் பாதி குறைத்தவருக்கு அந்தச் சலுகை உதவாது.

இந்த ஷரத்துகள் அநியாயமானவை என்று நாம் வாதிக்க வரவில்லை. சூளையில் கெட்டுப்போகும் சரக்குக்கெல்லாம் ஈடு கொடுப்பதானால் பிரிமியம் எங்கே போய் நிற்குமோ! பாலிசியை விற்றபோது இவை எடுத்துச் சொல்லப்பட்டனவா என்பதே நமது கேள்வி. சொல்லாமல் விற்பது ஒரு ஊரில் ஒரு ஏஜெண்டின் பிழையா, கம்பெனியின் வழக்கமா? இதை நஷ்டப்பட்டவர் அறிய முடியாது. அவர் கையில் இருப்பது தம்முடைய ஒரு பாலிசிதான். நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயரும் அறிய முடியாது. அவர் அந்த ஒரு நஷ்டத்தை மட்டும் அளப்பவர். அவருக்குக் கூலி கொடுப்பதும் கம்பெனியே. ஆம்பட்ஸ்மன் என்ற மத்தியஸ்தர் சென்னையில் இருக்கிறார். ஐம்பது லட்சம் ரூபாய் வரையில் தீர்ப்பளிக்க அவருக்கு 2023ஆம் வருஷத்தில் அதிகாரம் விரிவாக்கப்பட்டது. அவரும் தம்மிடம் வந்த வழக்கைத்தான் பார்ப்பார். வராத வழக்கு அவர் கண்ணில் படாது.

கம்பெனியின் உள்ளே புகுந்து பார்க்கக்கூடியவர் ஒருவரே. அவர்தான் பரிசோதகர். ஒரு வருஷத்தில் மறுக்கப்பட்ட கோரிக்கைகள் அத்தனையையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே ஷரத்தைக் காட்டி எத்தனை பேருக்குக் கையை விரித்திருக்கிறார்கள், பணம் கொடுத்தவர்களுக்கு எத்தனை நாள் தாமதித்துக் கொடுத்தார்கள் என்று அவர் எண்ணிப் பார்க்கலாம். பாலிசிதாரரின் கையெழுத்து உண்மையா என்று ஒப்பிடலாம். கமிஷன் எந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறதென்று தேடலாம். கடமைகளுக்கு மேல் சட்டம் கேட்கும் உபரிச் சொத்து நிஜமாகவே இருக்கிறதா, காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று பார்க்கலாம். 1938ஆம் வருஷத்து இன்ஷியூரன்ஸ் சட்டத்தின் 33ஆவது பிரிவு இந்த அதிகாரத்துக்கு ஆதாரம். பிரமாணம் செய்வித்து விசாரிக்கவும் அதில் இடம் உண்டு.

அந்தப் பிரிவின் வல்லமையைத் தேசம் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. 1955ஆம் வருஷம் செப்டம்பரில் பாரத் இன்ஷியூரன்ஸ் கம்பெனியின் விவகாரங்களை விசாரிக்க அன்னதானம் என்ற கணக்குப் பரிசோதகரை இந்திய சர்க்கார் இதே பிரிவின்கீழ் நியமித்தனர். கம்பெனிக்குச் சொந்தமான பத்திரங்கள் எங்கே என்று அவர் கேட்கத் தொடங்கிய உடனேயே, கோடீசுவரரான ராமகிருஷ்ண டால்மியா, இரண்டு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அப்பணத்தைப் பங்குச் சூதில் இழந்ததாக எழுதிக் கொடுக்க நேர்ந்தது. அது பாலிசிதாரர்களின் பணம். பார்லிமெண்டில் பெரோஸ் காந்தி அந்த டிசம்பரில் இதை எழுப்பினார். 1956 ஜனவரி 19ஆம் தேதி பிறந்த அவசரச் சட்டம் ஆயுள் இன்ஷியூரன்ஸ் நிர்வாகத்தைச் சர்க்கார் வசம் கொண்டுவந்தது. செப்டம்பர் முதல் தேதி எல்.ஐ.சி. பிறந்தது. டால்மியாவின் தண்டனையை 1962இல் சுப்ரீம் கோர்ட் ஊர்ஜிதம் செய்தது. புஸ்தகத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றதன் பலன் இவ்வளவு.

சர்க்கார் வசம் வந்தவுடன் கவலை தீர்ந்ததென்றும் சொல்வதற்கில்லை. 1957ஆம் வருஷத்திலேயே, முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு எல்.ஐ.சி. வாங்கிற்று. முதலீட்டுக் கமிட்டியை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. சாக்ளா கமிஷன் பகிரங்கமாக விசாரித்தது, நம்மவரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதி மந்திரி பதவியைத் துறந்தார். தனியார் கம்பெனியானாலும் தேசத்தின் கம்பெனியானாலும் பரிசோதகர் இல்லாமல் முடியாது என்பதை இரண்டே வருஷத்தில் நாம் கற்றுக்கொண்டோம். கற்றதை ஞாபகம் வைத்திருக்கிறோமா என்பது வேறு விஷயம்.

சுதேசி இயக்கம் கொழுந்துவிட்ட 1906ஆம் வருஷத்தில் சென்னையில் யுனைட்டெட் இந்தியா ஆயுள் இன்ஷியூரன்ஸ் கம்பெனி தோன்றியபோது, நமது பணம் நமது தேசத்திலேயே தங்கவேண்டும் என்ற ஆவல் அதற்குப் பின்னே இருந்தது. அந்நியருக்கு இன்ஷியூரன்ஸ் வியாபாரத்தில் விடப்பட்ட பங்கு 2000ஆம் வருஷத்தில் நூற்றுக்கு 26, 2015இல் 49, 2021இல் 74. நூறும் விடப்படும் என்று 2025 பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டத்தின்போது அறிவித்தார்கள். இந்தக் கொள்கையைப் பற்றி நேயர்களுக்குள் அபிப்பிராய பேதம் இருக்கலாம். கதவு அகல அகலக் காவலாளி திறமைசாலியாக இருக்கவேண்டும் என்பதில் பேதத்துக்கு என்ன இடம்?

சரி, காவலாளியின் யோக்கியதை என்ன? 33ஆவது பிரிவை ஊன்றி வாசிப்பவருக்கு ஒரு வேடிக்கை புலப்படும். 2015ஆம் வருஷத்துத் திருத்தத்தின் வாசகப்படி, விசாரணை அதிகாரியாக 'எந்த நபரையும்' நியமிக்கலாம். அவர் தமக்கு உதவியாக ஆடிட்டரையோ ஆக்சுவரியையோ அமர்த்திக்கொள்ளலாம். ஆடிட்டருக்கு 1949ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. ஆயுள் கணிதம் கற்ற ஆக்சுவரிக்கு 2006ஆம் வருஷத்துச் சட்டமும், வருஷக்கணக்கில் எழுதித் தீராத பரீட்சைகளும் இருக்கின்றன. சர்வேயருக்குப் பரீட்சை, பயிற்சி, லைசென்ஸ் மூன்றும் வேண்டும். வீடு வீடாகச் செல்லும் ஏஜெண்டுக்குக்கூடப் பரீட்சை உண்டு. இவர்கள் அனைவர் மீதும் தீர்ப்புச் சொல்லும் பரிசோதகர் மட்டும் 'எந்த நபரும்'!

ஹைதராபாத்திலுள்ள இன்ஷியூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஆட்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதாக நாம் சொல்லவில்லை. உதவி மானேஜர் பதவிக்கு அது இரண்டு கட்டப் பரீட்சையும் நேர்முக விசாரணையும் நடத்துகிறது. இரண்டாம் கட்டத்தில் இன்ஷியூரன்ஸ் பற்றியும் நிர்வாகம் பற்றியும் விரிவாக எழுதவேண்டும். 2024ஆம் வருஷத்தில் அறிவித்த இடங்கள் 49. தேசத்தில் இன்ஷியூரன்ஸ் கம்பெனிகள் ஐம்பதுக்கு மேல். ஏஜெண்டுகள் இருபது லட்சத்துக்கு மேல். எண்ணிக்கை ஒருபுறம் இருக்கட்டும். அது வேலைக்குச் சேரும் பரீட்சை. சேர்ந்தபின் ஒருவர் பரிசோதனைக் கலையில் தேர்ந்தவர் என்று பொதுஜனங்களுக்குக் காட்டும் பட்டம் எதுவும் இல்லை. பம்பாயில் 1955இல் ஏற்பட்ட இன்ஷியூரன்ஸ் இன்ஸ்டிடியூட் லைசென்ஷியேட், அசோஷியேட், பெல்லோ என்று மூன்று படிகளாகப் பரீட்சை நடத்திச் சிறந்த சேவை செய்துவருகிறது. ஆயினும் அவை பிரதானமாக இன்ஷியூரன்ஸ் நடத்துகிறவரின் வித்தை. கடை நடத்தத் தெரிவதும் கடைக்கணக்கைச் சோதிக்கத் தெரிவதும் ஒன்றாகா.

அமெரிக்காவில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே இன்ஷியூரன்ஸ் ஒழுங்குமுறைப் பரிசோதகர்களே ஒரு சங்கம் அமைத்து, அங்கீகாரம் பெற்ற பரிசோதகர், அதற்கு மேல் சான்று பெற்ற பரிசோதகர் என்று இரு பட்டங்களை வழங்குகிறார்கள். பாடங்களில் தேறுவதோடு அநுபவமும் காட்டவேண்டும். பட்டம் பெற்றபின்னும் தொடர்ந்து படித்தால்தான் அது நிலைக்கும். அந்நாட்டில் இந்த உத்தியோகத்துக்கு மூலபுருஷர் என்று சொல்லத்தக்க எலிஸூர் ரைட் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர், கணித ஆசிரியர். 1844இல் அவர் லண்டனுக்குப் போனபோது, பிரிமியம் கட்ட முடியாத கிழவர்களின் ஆயுள் பாலிசிகளை ராயல் எக்ஸ்சேஞ்சில் ஏலம் போடுவதைப் பார்த்தார். அதை வாங்குகிறவனுக்குக் கிழவர் சீக்கிரம் இறந்தால் லாபம்! அடிமைச் சந்தையை எதிர்த்தவருக்கு அந்தக் காட்சி பொறுக்கவில்லை. 1858இல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் இன்ஷியூரன்ஸ் கமிஷனரானார். பிரிமியம் நின்றதும் கட்டிய பணம் முழுவதையும் கம்பெனி விழுங்கிவிடக்கூடாது என்ற சட்டம் 1861இல் அங்கே வந்தது. அவருடைய இரக்கத்துக்குப் பலம் கொடுத்தது அவர் தயாரித்த கணக்கு அட்டவணைகளே.

யோக்கியதாபத்திரம் யோக்கியனை உண்டாக்குமா என்று சிலர் கேட்பார்கள். உண்டாக்காதுதான். டாக்டர் பட்டமும் உண்டாக்குவதில்லை. அதற்காகப் பட்டமில்லாதவரிடம் யாரும் சத்திர சிகிச்சை செய்துகொள்வதில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பரிசோதகர் பட்டம் பெற்றவரைக் கம்பெனிகளே அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொள்ளும் என்பார்கள். இழுக்கட்டும். சட்டம் தெரிந்தவர் கம்பெனிக்குள் இருப்பதாலும் பாலிசிதாரருக்கு நன்மை உண்டு. ஆனால் நேற்றுவரை சோதித்த கம்பெனியிலேயே இன்று போய் அமர்வதற்கு ஒரு கால இடைவெளியை விதியாக வைத்து, மீறினால் பட்டத்தைப் பறிக்கவேண்டும். பட்டம் என்று ஒன்று இருந்தால்தானே பறிக்க முடியும்?

இதில் தமிழ் வாலிபர்களின் பங்கைப் பற்றியும் நாம் சொல்லவேண்டும். ஏஜெண்டு பரீட்சையைத் தமிழில் எழுதலாம். பாலிசியை விற்கத் தமிழ் போதும் என்று கண்டிருக்கிறார்கள். சோதிக்க மட்டும் போதாதாம். ஆணையத்தின் பரீட்சையிலோ இங்கிலீஷுக்கே தனித் தாள் இருக்கிறது. இங்கிலீஷ் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கம்பெனிக் கணக்குகள் அந்த பாஷையில்தான் இருக்கின்றன. ஆனால் ஏமாந்தவர் தம் கதையைத் தமிழில்தான் சொல்லுவார். கடலூர் ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல், 2015இல் வெள்ளம். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர் இன்ஷியூரன்ஸ் திட்டத்தில் குடியானவர் குறுவைப் பருவ உணவுப்பயிருக்கு நூற்றுக்கு இரண்டும், பின்பருவத்துக்கு ஒன்றரையும் கட்ட, மீதிப் பிரிமியம் சர்க்கார் கஜானாவிலிருந்து போகிறது. ஈட்டுத்தொகையோ மாதிரி அறுவடைக் கணக்கைப் பொறுத்தது. அந்த அறுவடை முறையாக நடந்ததா என்று கம்பெனியின் காகிதத்தையும் கிராமத்து வாய்மொழியையும் ஒப்பிட்டுப் பார்க்க, இரண்டு பாஷையும் தெரிந்த பரிசோதகரைத் தவிர வேறு யாரால் முடியும்?

ஆகையால் சென்னை சர்க்காருக்கு ஒரு யோசனை கூறுகிறோம். ஹைதராபாத் என்ன செய்கிறதென்று காத்திராமல், இந்த ஜில்லாவிலேயே உள்ள அண்ணாமலை சர்வகலாசாலையில் இன்ஷியூரன்ஸ் பரிசோதனைக்கென்று ஓராண்டு டிப்ளமோ வகுப்பு ஏற்படுத்தலாம். விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கலைக்கல்லூரியில் அதற்கு மாலை வகுப்பு வைக்கலாம். சட்டம், கணக்கு, ஆயுள் கணிதத்தின் ஆரம்பம், விசாரணை முறை ஆகிய நான்கையும் இரு பாஷைகளிலும் கற்பிக்கவேண்டும். பாடம் சொல்ல ஓய்வுபெற்ற எல்.ஐ.சி. உத்தியோகஸ்தர்களும், சென்னையைத் தலைமை ஸ்தலமாகக் கொண்ட யுனைட்டெட் இந்தியா கம்பெனியின் பழைய சர்வேயர்களும் கிடைப்பார்கள். தேறியவர்களின் ஜாபிதாவை ஆணையத்துக்கு அனுப்பி, 'எந்த நபரையும்' என்ற வார்த்தைகளுக்குப் பதிலாக இந்த ஜாபிதாவில் உள்ளவர் என்று விதி செய்யும்படி கேட்கலாம். பீங்கான் கலாசாலை மாணவர்களையும் அந்த மாலை வகுப்பில் உட்கார அனுமதிக்கவேண்டும். நாளை பட்டறை வைக்கப்போகிறவர்கள் அவர்கள். சூளை பற்றிய அந்த ஷரத்தை முதலில் வாசிக்கவேண்டியவர்களும் அவர்களே.