ஐ.டி. மட்டும்தான் படிப்பா?



பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாலே போதும், பார்ப்பவர்கள் எல்லாம் கேட்பது ஒரே கேள்விதான். "அடுத்து என்ன படிக்கப் போற?" பால்காரர் கேட்கிறார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்கிறார். "ஐ.டி." என்று சொன்னால் "சபாஷ்!" என்கிறார்கள். "பி.ஏ. அரசியல் அறிவியல் படிச்சிட்டு, எம்.ஏ.வுல இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் படிக்கப் போறேன்" என்று சொன்னால்? "அது எதுக்கும்மா? சோறு போடுமா?" என்கிறார்கள். பெரியவர்களை விடுங்கள், நம் பிள்ளைகளே "ஹிஸ்டரி குரூப்புதானே, வேற என்ன கிடைக்கும்?" என்று சிரிக்கிறார்கள்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பி.டெக். ஐ.டி.க்குத்தான் விண்ணப்பிக்கப் போகிறேன். ஆனாலும் இந்தச் சிரிப்பு தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் இரண்டும் என்ன படிப்பு என்று பார்ப்போம். பி.டெக். ஐ.டி. என்பது நான்கு வருடம். புரோகிராமிங், டேட்டாபேஸ், நெட்வொர்க், ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் வரும். கணக்கும் நிறைய வரும். (கேம் விளையாடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை நண்பர்களே!) பி.சி.ஏ., பி.எஸ்சி. ஐ.டி. என்றால் மூன்று வருடம். இன்டர்நேஷனல் ஸ்டடீஸ், அதாவது பன்னாட்டு ஆய்வு என்பது ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் நடுவே நடப்பதைப் படிப்பது. போர், ஒப்பந்தம், வியாபாரம், எல்லை, ஐ.நா. சபை எல்லாம் அதில் வரும்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ராமேஸ்வரத்துப் படகு ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. படகு எங்கே நிற்கிறது, எல்லைக் கோடு எவ்வளவு தூரம் என்று அது காட்டும். ஆனால் அந்தக் கோட்டைப் போட்டது யார்? 1974லும் 1976லும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள். கோடு ஏன் அங்கே இருக்கிறது என்று கருவிக்குத் தெரியாது. பிடிபட்ட மீனவரை மீட்க எந்த நாட்டோடு என்ன பேச வேண்டும் என்பதும் தெரியாது. கருவி ஐ.டி. என்றால் கோடு இன்டர்நேஷனல் ஸ்டடீஸ். படகில் போகிறவருக்கு இரண்டும் உயிர்ப் பிரச்சனை!

சரி, "எனக்கு வேலை கிடைச்சா போதும், உலக விஷயம் எனக்கெதுக்கு?" என்று ஐ.டி. நண்பர்கள் கேட்கலாம். உங்கள் வேலையே உலக விஷயத்தில்தானே இருக்கிறது! அமெரிக்காவில் போய் வேலை செய்ய எச்1பி விசா வேண்டும். 2001 முதல் 2003 வரை வருடத்துக்கு 1,95,000 பேருக்கு என்று அந்த நாடு உச்ச வரம்பு வைத்திருந்தது. 2004இல் அது 65,000 ஆகக் குறைந்தது. 2025 செப்டம்பரில், புது எச்1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அந்நாட்டு அதிபர் அறிவித்தார். இதையெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்தது அரசியல். அதன் பலனோ இங்கே ஐ.டி. படித்தவர்கள் வீட்டில்!

இன்னொன்று. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீன வீரர்கள் மோதினார்கள். சரியாக இரண்டே வாரத்தில், ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை இந்தியா தடை செய்தது. மலைப் பள்ளத்தாக்கில் நடந்த சண்டை நம் அண்ணன், அக்கா கையிலிருந்த செல்போனுக்குள் வந்துவிட்டது பார்த்தீர்களா?

அப்படியானால் ஹிஸ்டரி குரூப் நண்பர்கள் கம்ப்யூட்டர் பக்கமே போக வேண்டாமா? அதுவும் முடியாது. 2007 ஏப்ரலில் எஸ்டோனியா என்ற சின்ன நாட்டில் வங்கி, பத்திரிகை, அரசு அலுவலகம் என்று வரிசையாக இணையதளங்கள் தாக்கப்பட்டன. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை, ஆனால் நாடு திணறியது. அடுத்த வருடமே அதன் தலைநகர் தாலினில் நேட்டோ நாடுகள் இணையப் பாதுகாப்புக்காக ஒரு மையம் அமைத்தன. இனி வெளிநாட்டு விவகாரம் பேசப் போகிறவருக்கு சர்வர் என்றால் என்ன, நெட்வொர்க் என்றால் என்ன என்று தெரியாமல் முடியாது.

"எல்லாம் சரி, சோறு போடுமா?" இந்தக் கேள்வியை நான் கேலி செய்யவில்லை. நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரி நாம்தான். அப்பா, அம்மா பயப்படுவது நியாயம். உண்மையைச் சொல்வோம். பன்னாட்டு ஆய்வு படித்தால் டிகிரி முடிந்த கையோடு வேலை கிடைப்பது கஷ்டம். எம்.ஏ. படிக்க வேண்டும், போட்டித் தேர்வு எழுத வேண்டும், பொறுமை வேண்டும். ஆனால் வழி இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளங்கலை சேர 2022 முதல் க்யூட் நுழைவுத் தேர்வு நடக்கிறது, தமிழிலும் எழுதலாம். டெல்லி ஜே.என்.யு.வில் சீனம், ஜப்பானியம், கொரியன் போன்ற மொழிகளையே பி.ஏ.வாகப் படிக்கலாம். பக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலேயே அரசியல் மற்றும் பன்னாட்டு ஆய்வுகள் துறை இருக்கிறது. சிவில் சர்வீஸ் தேர்வில் 'அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும்' ஒரு விருப்பப் பாடம். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியபோது, பி.டெக்.குக்கு மட்டும் என்று அரசு பிரிக்கவில்லை. பி.ஏ.வுக்கும் அதே ஆயிரம்தான். அரசு பார்க்காத ஏற்றத்தாழ்வை நாம் ஏன் பார்க்கிறோம்?

சி.பி. முத்தம்மா என்று ஒருவர். குடகில் பிறந்தவர். சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அந்தப் பணியில் முதல் பெண் அவர்தான்! கல்யாணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரி மட்டும் அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. இதையும், தனக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதையும் எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979 தீர்ப்பில் நீதிமன்றம் அப்படிப்பட்ட விதிகளைக் கண்டித்தது. "பொண்ணுக்கு எதுக்கு வெளிநாட்டு விவகாரம்?" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்.

ஆசிரியர்களுக்கு: வழிகாட்டுதல் கூட்டம் என்றால் 200க்கு எவ்வளவு கட் ஆஃப் என்பதோடு முடிந்துவிடுகிறது. ஹிஸ்டரி குரூப் பிள்ளைகள் பின் வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் சார். கலைக் கல்லூரி, க்யூட் தேர்வு, மொழிப் படிப்பு பற்றி யாராவது வந்து பேசட்டும்.

ஐ.டி. நண்பர்களுக்கு: நூலகத்தில் பேப்பரை எடுத்தால் கடைசிப் பக்க கிரிக்கெட்டோடு வைத்துவிடாதீர்கள். உலகச் செய்திப் பக்கத்தையும் புரட்டுங்கள்.

ஹிஸ்டரி குரூப் நண்பர்களுக்கு: நம் கம்ப்யூட்டர் லேப் உங்களுக்கும் சொந்தம். உள்ளே வாங்க, தெரிந்ததை நாங்கள் சொல்லித் தருகிறோம். பதிலுக்கு அந்த எல்லைக் கோட்டின் கதையை எங்களுக்குச் சொல்லுங்கள்.

அவரவர்க்குப் பிடித்ததைப் படிப்போம்! அடுத்தவர் படிப்பைப் பார்த்துச் சிரிப்பதை இன்றோடு நிறுத்துவோம்!

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு மாணவி