கழுத்தில் ஓர் இரும்பு

சென்னீர்குப்பத்தில் நான் மாடிப் போர்ஷன். கீழே ஹவுஸ் ஓனர் அம்மா. மோட்டாரை அணைக்க மறந்தால் அவர் குரல் பூந்தமல்லி பைபாஸ் வரை கேட்கும். போன வருஷம் அந்தக் குரல் கம்மிப்போனது. அற்பமாகச் சந்தோஷப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

"கழுத்துல கல்லு மாதிரி இருக்குப்பா. சாதம் இறங்க மாட்டேங்குது" என்று ஒரு நாள் சொன்னபோதுதான் சுருக்கென்றது.

ஊசி குத்திப் பார்த்ததில் ஒன்றும் வரவில்லை. "கேன்சரா இருக்கலாம்" என்றார்கள். ஓனர் சார் சத்தமில்லாமல் பின்மனைக்கு விலை பேச ஆரம்பித்தார். நல்லவேளை, இன்னொரு டாக்டர் கீறிச் சதைத்துண்டு எடுத்து அனுப்பினார். கேன்சர் இல்லை, ரீடல் தைராய்டைட்டிஸ்.

யார் இந்த ரீடல்? ஜெர்மனியில் யேனா நகரத்து சர்ஜன். 1896-ல் இந்த வியாதியை விவரித்து, இரும்பு போலக் கெட்டி என்றார். தைராய்டு மொத்தமும் தழும்பாக இறுகி, மூச்சுக்குழாய், உணவுக்குழாய் என்று பக்கத்து வீடுகளிலும் ஒட்டிக்கொள்கிறது. அதனால் முழுசாக வெட்டி எடுப்பது ஆபத்து. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1920 முதல் 1984 வரை செய்த சுமார் 57,000 தைராய்டு ஆபரேஷன்களில் 37 பேருக்குத்தான் இது. அந்த லாட்டரிச் சீட்டு எங்கள் தெருவில் விழுந்திருக்கிறது!

டாக்டர் அடுத்து வயிற்றுக்கு ஸ்கேன் எழுதினார். "கழுத்துக்கு வந்தா வயித்துல என்னய்யா ஸ்கேன்? காசு புடுங்கறான்" என்றார் ஓனர் சார். நானும் தலையாட்டினேன், எல்லாம் தெரிந்த மாதிரி.

ஸ்கேனில், வயிற்றின் பின்சுவரில் அதே தழும்பு இடது சிறுநீர்க்குழாயை நெரித்துக்கொண்டிருந்தது. வலியே இல்லை. விட்டிருந்தால் கிட்னி போயிருக்கும்.

பித்தக்குழாய், கண்ணுக்குப் பின்புறம் என்று இந்தத் தழும்பு எங்கும் வரலாம். ரொம்ப காலம் இவற்றைத் தனித்தனி வியாதி என்றே நினைத்தார்கள். 2001-ல் ஜப்பானியர்கள் ஒருவகைக் கணைய வியாதிக்காரர்களின் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி-4 என்ற புரதம் எகிறியிருப்பதைக் கண்டார்கள். பல உறுப்புகளில் ஒரே ஆசாமியின் வேலை என்பது அதன் பிறகுதான் புரிந்தது. ரீடல் கேஸ்கள் எல்லாமே இல்லை, பல இந்தக் குடும்பம்தான்.

அம்மாவுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கல் கொஞ்சம் இளகியது. பசி ராட்சஸப் பசி. முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. பின்மனை இன்னும் அவர்களுடையதுதான்.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு டாங்க் நிரம்பி வழிந்தது. கீழேயிருந்து, "யாருப்பா அது, மோட்டார்!"

பைபாஸ் வரை கேட்டிருக்காது. பாதித் தெரு வரைக்கும் கேட்டது.