பகலில் லைட் எரியும் வீடுகள்



போன கிழமை வெள்ளவத்தையில் புது வீட்டுக்குக் குடிவந்த ஒரு டீச்சர் என்னிடம் கேட்டார்: "ஹோல் கண்ணாடிக் கதவுக்கு என்ன போடலாம்? பிளைண்ட்ஸா, கேர்ட்டனா?" இந்த விஷயத்தில் ஒருமுறை காசைக் கொட்டித் தோற்றவள் நான். அதனால் எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறேன்.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி. ஹோலில் மேற்குப் பக்கம் பார்த்த எட்டடி ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு. பல்கனியில் நின்றால் ஒரு பக்கம் கொஞ்சம் கடல் தெரியும், மறுபக்கம் அடுத்த தொடர்மாடியின் பல்கனி. அங்கே காயும் உடுப்பை எண்ணலாம், அவ்வளவு கிட்ட.

பெருநாளுக்கு முன் தடித்த மெரூன் வெல்வெட் வாங்கிப் போட்டோம். வந்தவர்கள் எல்லாம் மாஷா அல்லாஹ் என்றார்கள். ஆனால் திறந்தால் எதிர்வீட்டுக்கு எங்கள் ஹோல் முழுக்கத் தெரியும். மூடினால் பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட வேண்டும். மூடியே வைத்தோம்.

மாமி ஊரில் முற்றம் வைத்த வீட்டில் வாழ்ந்தவர். நிழலைப் பார்த்தே நேரம் சொல்வார். எங்களோடு தங்க வந்த மூன்றாம் நாள் கேட்டார்: "மகள், அஸர் நேரம் வந்துட்டா? இந்த வீட்டில பகலா இரவா எண்டே விளங்குதில்ல." அவர் குறை சொல்லவில்லை, சும்மா கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. கடல் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்றுதானே இந்த வீட்டை எடுத்தோம்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். வீட்டுக்கு மறைவு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மறைவு கட்டாயம். சூரா அந்நூரின் 58ஆம் வசனத்தில், வீட்டுக்குள்ளேயே அனுமதி கேட்டு வரவேண்டிய மூன்று நேரங்கள் சொல்லப்படுகின்றன: பஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு நேரம், இஷாவுக்குப் பின். நான் ஆலிமா அல்ல, சட்டம் பேசவில்லை. ஒரு நாளுக்குள் நேரத்துக்கு நேரம் மறைவின் தேவை மாறும் என்று அதிலிருந்து விளங்கிக்கொள்கிறேன். எங்கள் கேர்ட்டனும் அப்படி மாறக்கூடியதாக இருக்க வேண்டாமா?

மறைவுக்கு இருட்டுத் தேவையில்லை. தரம் ஆறு பிள்ளைக்கும் இதை விளங்கப்படுத்தலாம். வெளிச்சமான பக்கத்தில் நிற்பவருக்கு மெல்லிய துணியின் மறுபக்கத்து இருட்டு தெரியாது. அதனால் பகலில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியே போதும். நீங்கள் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. ஆனால் மஃரிபுக்குப் பிறகு லைட் போட்டவுடன் இது தலைகீழாகிவிடும். நம்பாவிட்டால் ஹோல் லைட்டைப் போட்டுவிட்டு கீழே ஒழுங்கைக்கு இறங்கி மேலே பாருங்கள். நான் பார்த்தேன், ஓடிவந்து மூடினேன்.

ஆகவே என் பதில் இரட்டை ரெயில். கண்ணாடிப் பக்கம் மெல்லியது, பகல் முழுக்க. ஹோல் பக்கம் தடித்தது, இரவுக்கு. கதவின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுங்கள், இல்லாவிட்டால் இழுத்துப் பிடித்த பெட்ஷீட் மாதிரி நிற்கும். ரெயிலைக் கதவைத் தாண்டி ஒரு அடியாவது நீட்டிப் போட்டால், ஒதுக்கிய துணி கண்ணாடியை மறைக்காது. இரும்பு ரெயில் வேண்டாம், கடல் உப்பு அதை வைத்து வைக்காது. அலுமினியம் நல்லது.

கடைக்காரர்கள் ஸ்லைடிங் கதவுக்கு வேர்ட்டிகல் பிளைண்ட்ஸ் என்பார்கள். ஒஃபிஸுக்குச் சரி. இங்கே கதவைத் திறந்து காற்றை விட்டால் அந்தப் பட்டிகள் படபடவென்று அடித்துக்கொள்ளும். ரோலர் என்றால், உடுப்புக் காயப்போடப் போகும் ஒவ்வொரு முறையும் சுருட்ட வேண்டும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். உறவினர் வீட்டில் ரோலர் பிளைண்டின் மணிச் சங்கிலியை என் சின்ன மகன் மாலை மாதிரிக் கழுத்தில் போட்டு நின்றதைக் கண்டு உயிரே போய்விட்டது. இப்படிக் கழுத்து இறுகிப் பிள்ளைகள் மௌத்தானதால்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கென்று விதிகள் இருக்கின்றன. பிரித்தானியாவில் கயிறு, சங்கிலி தரையிலிருந்து குறைந்தது 1.5 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஏற்கனவே போட்டிருந்தால் இன்றைக்கே சங்கிலியைச் சுவரோடு இறுக்கிவிடுங்கள். பக்கத்தில் கட்டில், கதிரை வைக்காதீர்கள்.

வெயில் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னேர வெயில் தாழ்வாக வருவதால் மேல் பல்கனித் தட்டு அதைத் தடுக்காது. உள்ளே போடும் கேர்ட்டன், கண்ணாடியைத் தாண்டி ஏற்கனவே உள்ளே வந்துவிட்ட சூட்டைத்தான் பிடிக்கிறது. கடும் நிறம் என்றால் தானும் சூடாகி ஹோலையும் சூடாக்கும். எங்கள் மெரூன் வெல்வெட் செய்தது அதுதான். கண்ணாடிக்கு வெளியே, பல்கனியில் ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டால் சூடு வெளியிலேயே நிற்கும். ஊரில் விறாந்தைக்குத் தட்டி கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. தொடர்மாடி நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கரண்ட் கட்டணம் ஏறிய ஏற்றம் யாருக்கும் மறந்திருக்காது. பகலில் லைட்டும் ஏசியும் போட்டுத்தான் மறைவைக் காப்பாற்ற வேண்டுமென்றில்லை.

வெல்வெட்டை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டேன். போன காசு போனதுதான். இப்போது மாமி பின்னேரம் அந்த வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுத் தஸ்பீஹோடு இருக்கிறார். அஸர் நேரத்தை அவர்தான் எனக்குச் சொல்கிறார்.

புது வீட்டுக்குப் போகிறவர்கள் கடைக்குப் போகுமுன் ஒருநாள் பின்னேரம் நான்கு மணிக்கும், ஒருநாள் இரவு எட்டு மணிக்கும் அந்தக் கதவருகே நின்று பாருங்கள். எந்தத் துணி, எத்தனை அடுக்கு என்பது அப்போதே விளங்கும்.