இரண்டாவது லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது சின்ன மிரர்லெஸ் கேமரா வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் ஆனதும், "சார், அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். கேட்கும்போதே பதிலையும் மனதில் வைத்திருக்கிறார்கள். 55-210, 50-250 மாதிரி ஒரு ஜூம். கூந்தன்குளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஆசை வராமல் இருக்காது.

என் கருத்து வேறு. முதலில் வாங்க வேண்டியது ஜூம் இல்லாத, வாய் அகன்ற, சின்ன லென்ஸ். 35 மி.மீ., எஃப் 1.8 மாதிரி ஒன்று.

எஃப் எண் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் விட்டம் வரும். 35-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 19 மி.மீ. கிட் லென்ஸ் அதே 35-இல் எஃப் 5.6 என்றால் 6 மி.மீ. சொச்சம். பரப்பளவைக் கணக்கிட்டால் ஒன்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். மழையில் அண்டாவையும் சொம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி. கிட் லென்ஸுக்கு 1/15 வினாடி தேவைப்படும் அறையில் இது 1/125 வினாடியில் எடுத்துவிடும். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். எதிரே இருப்பவர் தலையைத் திருப்பினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன்.

நம் பக்கத்து வீடுகளில் பெரியவர் ஒருவர் காலமானால், மாலை போட ஒரு படம் தேடுவார்கள். தனிப்படம் கிடைக்காது. கல்யாணக் கூட்டத்தில் நின்ற படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, ஸ்டுடியோக்காரர் நீலப் பின்னணி ஒட்டிக் கொடுப்பார். அதுவும் இல்லையென்றால் ஆதார் அட்டைப் படம். எண்பது வருஷம் வாழ்ந்த மனுஷிக்கு அந்தப் படம்தான் மிச்சம். பேரன் கையில் கேமரா இருக்கும் வீட்டிலும் இது நடக்கிறது. பட்டாசாலையின் மங்கலான வெளிச்சத்தில் கிட் லென்ஸ் திணறும். ஃபிளாஷ் போட்டால் முகம் வெளுத்து, கண் மூடி, ஆளே விறைத்துவிடுவார்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் ஆச்சியை அப்படியே எடுக்க, வாய் அகன்ற லென்ஸ்தான் வேண்டும்.

போன் போதாதா என்பீர்கள். பகலில், வெளியில் போதும். இருட்டிய அறையில் போன் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அதில் முகச்சுருக்கம் மெழுகிவிட்ட மாதிரி போய்விடும்.

சரி, பறவைகள்? அதற்கும் அந்த 210 போதாது என்பதே உண்மை. ஏபிஎஸ்-சி சென்சாரில் அது 315 மி.மீ. கோணம் தரும். பறவை எடுப்பவர்கள் 400, 600 என்று போகிறவர்கள். கூந்தன்குளத்தில் ஊருக்குள் மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுவதால் அங்கே சமாளிக்கலாம். மற்ற குளங்களில் எட்டாத குறையை ஈடுகட்டக் கால் தானாக முன்னே போகும். கூட்டுக்கு அருகே ஆள் போனால் தாய்ப்பறவை எழும்பிவிடும். முட்டை வெயிலில் காயும், காக்கை காத்திருக்கும். ஜனவரிதோறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிற அளவுக்கு உங்களுக்கு ஈடுபாடு இருந்தால், இப்போது ஒரு நல்ல பைனாகுலர் வாங்குங்கள். பணம் சேர்ந்ததும் உண்மையிலேயே நீளமான லென்ஸ் வாங்குங்கள். நடுவில் நிற்கும் மலிவு ஜூம், வீட்டுக்கும் உதவாது, குளத்துக்கும் உதவாது.

1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர் மா. கிருஷ்ணன், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையில் காட்டு விலங்குகளை எடுத்துப் பெயர் பெற்றவர். அவர் பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கேமராவையே அமைத்துக்கொண்டார். எதை எடுக்கப் போகிறோம் என்பது அவருக்கு முதலில் தெரிந்திருந்தது. கருவி பிறகு வந்தது. நாம் கருவியை வாங்கிவிட்டுப் பிறகு எதை எடுக்கலாம் என்று தேடுகிறோம்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். கடைசியாக எடுத்த 200 படங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று விவரத்தைப் பார்த்து எழுதுங்கள். எத்தனை படம் வீட்டுக்குள், எத்தனை வெளியில் என்றும் குறியுங்கள். பாதிக்கு மேல் ஜூமின் கடைசி முனையில் எடுத்திருந்தால் நான் சொன்னதை விட்டுவிடுங்கள், உங்களுக்கு நீள லென்ஸ்தான் சரி. மனிதர்களும் அறைகளும் அதிகம் என்றால் என் பேச்சைக் கேளுங்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயம். முகங்களுக்கு 35 நல்லது. சின்ன அறையில் நாலு பேரைச் சேர்த்து எடுக்க 23, 24 வசதி. ஆனால் அதை வைத்து முகத்துக்கு மிக அருகே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். அடுத்தது, மவுண்ட் பார்த்து வாங்குங்கள். கேனன் எம் வரிசை லென்ஸ் புதிய ஆர் வரிசைக் கேமராவில் சேராது. பழைய லென்ஸ் மலிவாகக் கிடைத்தால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

லென்ஸ் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்களை எடுங்கள். எடுத்ததைப் பெரிதாக அச்சடித்து, அவர்கள் பார்க்கும்படி கையில் கொடுங்கள். கார்டில் கிடக்கும் படத்தை அவர்கள் பார்க்கப் போவதில்லை.